பற்றேற்பி: ஒட்டுவதற்கும் பற்றுவதற்கும் இடையில்

உயிரணுவின் மேற்பரப்பில் இருந்துகொண்டு, பக்கத்து உயிரணுவையோ சுற்றியுள்ள திசுநாரையோ பிடித்துக்கொள்ளும் புரதங்கள் உண்டு. இவற்றை 'ஒட்டு ஏற்பி' என்று எழுதினால் பிழையில்லை. 'adhesion receptor' என்ற ஆங்கிலப் பெயரில் உள்ள 'adhesion' என்ற சொல்லின் லத்தீன் வேரும் 'ஒட்டிக்கொள்' என்ற பொருளையே தருகிறது. ஆனாலும் 'பற்றேற்பி' என்ற சொல்லையே நான் பரிந்துரைக்கிறேன். பற்று, ஏற்பி இரண்டும் சேர்ந்த சொல் இது. ஒட்டியது ஒட்டியபடியே கிடக்கும். பற்றியதோ வேண்டும்போது இறுகும், வேண்டாதபோது விடும். இந்தப் புரதங்கள் செய்வது இரண்டாவது வேலை.

இக்குடும்பத்தில் அதிகம் பேசப்படுவது இன்டெக்ரின். 1986-இல் ரிச்சர்ட் ஹைன்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் வைத்த பெயர் அது. சவ்வை ஊடுருவி நின்று, வெளியிலுள்ள ஃபைப்ரோனெக்டின் நாரையும் உயிரணுவுக்கு உருவம் தரும் உள்ளேயுள்ள ஆக்டின் புரதச் சட்டகத்தையும் ஒன்றாக இணைப்பதால் அந்தப் பெயர் வந்தது. அதன் மூலம் 'முழுமையான' என்று பொருள்படும் லத்தீன் சொல். இன்னும் ஆழமாகத் தோண்டினால் அது 'தொடப்படாதது' என்ற பொருளில் போய் நிற்கிறது. தொடுவதையே தொழிலாகக் கொண்ட புரதத்துக்கு இப்படியொரு வேர்!

மனித உடலில் 18 ஆல்பா துணையலகுகளும் 8 பீட்டா துணையலகுகளும் இணைசேர்ந்து 24 வகை இன்டெக்ரின்களை உண்டாக்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு ஆல்பா, ஒரு பீட்டா கொண்ட இரட்டை. வெள்ளணுக்களில் மட்டும் காணப்படும் எல்எஃப்ஏ-1 அவற்றில் ஒன்று. அது பற்றும் எதிர்ப்புரதம் ஐகேம்-1, இரத்த நாளத்தின் உட்சுவரிலும் வேறு பல உயிரணுக்களிலும் இருக்கிறது.

இரத்தத்தில் மிதந்து செல்லும் வெள்ளணுவில் எல்எஃப்ஏ-1 முழங்காலை மடக்கி உட்கார்ந்ததுபோல் மடிந்து கிடக்கிறது. அந்த நிலையில் அதன் பிடி மிகத் தளர்ந்தது. அப்படி இருந்தால்தான் நல்லது. எப்போதும் இறுகியே இருந்தால் வெள்ளணுக்கள் வழியிலெல்லாம் சுவரில் சிக்கிக்கொள்ளும். அழற்சி ஏற்பட்ட இடத்தில் முதலில் செலக்டின் என்ற வேறொரு பற்றேற்பி வெள்ளணுவை லேசாகப் பிடிக்கிறது. அணு சுவரையொட்டி மெதுவாக உருள்கிறது. அங்கே காத்திருக்கும் கீமோகைன்கள் என்ற சிறு புரதங்கள் வெள்ளணுவுக்குச் சைகை தருகின்றன. அச்சைகையால் டாலின், கிண்ட்லின் என்ற புரதங்கள் உட்புறத்திலிருந்து இன்டெக்ரினின் பீட்டா வாலைப் பிடிக்கின்றன. மடிந்திருந்த இன்டெக்ரின் நிமிர்ந்து தலைப்பகுதி திறக்கிறது. பிடிப்பின் வலிமை ஆயிரக்கணக்கான மடங்கு கூடுகிறது. உருண்டுகொண்டிருந்த அணு அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. பிறகு அது சுவரைக் கடந்து திசுவுக்குள் நுழைய வேண்டுமானால் முன்புறம் பற்றவும் பின்புறம் விடவும் வேண்டும். 'ஒட்டு' என்ற சொல்லில் இந்த விடுதலுக்கு இடமே இல்லை.

செய்தி உள்ளிருந்து வெளியே மட்டும் போவதில்லை, எதிர்த்திசையிலும் வருகிறது. டி செல் என்ற வெள்ளணு தன் எதிரியின் அடையாளத்தைத் தாங்கிய உயிரணுவைச் சந்திக்கும்போது இரண்டுக்கும் இடையே ஒரு தொடுமுகம் உருவாகிறது. அதன் நடுவில் டி செல் ஏற்பிகள் குவிய, அவற்றைச் சுற்றி எல்எஃப்ஏ-1 வளையமாக அமைகிறது. இந்தப் பிடிப்பு இருந்தால் குறைந்த அளவு அடையாளமே டி செல்லை எழுப்பப் போதும்.

இப்படி எழுப்புவதற்கு, அதாவது ஆங்கிலத்தின் 'activation'-க்கு, என்ன சொல்? 'முடுக்கம்' என்பதை இயற்பியல் எடுத்துக்கொண்டது. 'தூண்டல்' வெளியிலிருந்து வரும் உந்துதலைக் குறிக்கிறது. உயிரணு தானே வேலையில் இறங்கும் நிலைக்குச் 'செயலூக்கம்' பொருந்தும்.

பற்று இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதை ஓர் அரிய பிறவிக் குறைபாடு காட்டுகிறது. பீட்டா-2 துணையலகுக்கான மரபணு பழுதானால் எல்எஃப்ஏ-1 உள்ளிட்ட பல இன்டெக்ரின்கள் உருவாவதில்லை, அல்லது மிகக் குறைவாகவே உருவாகின்றன. அப்படிப் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி விழுவதற்கு வழக்கத்தைவிட நெடுநாளாகிறது. காயத்தில் தொற்று இருக்கும், சீழ் இருக்காது. இரத்தத்திலோ நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் ஏராளமாக இருக்கும். படை பெருகியிருந்தும் சுவரைப் பற்றிக் கரையேற வழியில்லை. சிகிச்சையின்றிக் கடும் பாதிப்புள்ள குழந்தைகள் பிழைப்பது அரிது.

பற்றைத் தடுத்து நோயைத் தணிக்கவும் முடியும். ஆல்பா-4 இன்டெக்ரினைத் தடுக்கும் நாடலிசுமாப் என்ற மருந்து, தண்டுவட மரப்பு நோய்க்கு (multiple sclerosis) 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வெள்ளணுக்கள் மூளைக்குள் நுழைவதை அது குறைத்தது. அதே காரணத்தால் சிலருக்கு மூளையில் அரிதான வைரஸ் நோய் தலைதூக்கியது. 2005-இல் மருந்து திரும்பப் பெறப்பட்டு, 2006-இல் கடுமையான கட்டுப்பாடுகளுடன் மீண்டும் வந்தது.

சொல்லாக்கத்தில் இன்னும் இரண்டு முடிவுகள் தேவை. இன்டெக்ரின், செலக்டின் போன்றவை இன்சுலினைப் போலப் பெயர்கள், அவற்றை அப்படியே எழுதலாம். குடும்பப் பொதுப்பெயராகப் பற்றேற்பி இருக்கட்டும். ஏற்பி பற்றும் இணைப்பொருளுக்கு (ligand) வேதியியல் பாடநூல்களில் உள்ள 'ஈனி' சரிவராது. எலக்ட்ரான் இணையைத் தருவது என்ற பொருளில் பிறந்த சொல் அது, ஐகேம்-1 அப்படி எதையும் தருவதில்லை. 'பற்றிணை' என்று வைத்தால் ஐகேம்-1-ஐ 'எல்எஃப்ஏ-1-இன் பற்றிணை' என்று தயங்காமல் எழுதலாம்.