தின்னரால் நிலாப் பள்ளம் வராது, தம்பி

"அண்ணன், தின்னர் ஊத்தினாப் பள்ளம் தானா வரும்தானே, என்னத்துக்கு வெட்டிக் கஷ்டப்படுற?" மேசையில் சின்னப் பொம்மைகளை வைத்து ஆடும் மினியேச்சர் விளையாட்டுக்கு நிலாத் தரை செய்யக் கிளம்பும் பொடியன்களில் ஒருவராவது இதைக் கேட்காமல் விடுவதில்லை. கேட்டுவிட்டுச் செய்தாலும் பரவாயில்லை. செய்து முடித்துவிட்டு, தின்னர் பட்டுச் சுருங்கிப்போன ரெஜிபோமை, அதுதான் அந்த வெள்ளைத் தெர்மோகோல் பலகையை, சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு "மறுகா இத என்ன செய்யலாம்?" என்று வருகிறார்கள். கடைசியாக வந்த தம்பிக்குத் தலைச்சுற்றும் சேர்ந்தே இருந்தது. மாரி மழை, பூட்டின யன்னல், சின்ன அறைக்குள் வாய் திறந்த தின்னர் போத்தல். இனி ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ரெஜிபோமில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் காற்றுத்தான். தின்னரோ பெற்றோலோ பட்டால் அந்தக் காற்று போய், மிச்சம் பிசினாகிவிடும். மேலே சின்ன வாய், உள்ளே பெரிய பொந்து, ஓரமெல்லாம் உள்நோக்கி மடிந்திருக்கும். கறையான் அரித்த பலகைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. நிலாவில் பள்ளம் வந்தது விண்கல் மோதிய வெடிப்பால். சிதறிய மண் சுற்றிவர விழுந்ததாலும், தரை வெளிப்பக்கம் நெம்பி எழுந்ததாலும் விளிம்பு மேடாக நிற்கும். மேட்டு விளிம்பு இல்லையென்றால் நீங்கள் செய்தது கிடங்கு.

கணக்கையும் சொல்கிறேன், எழுதி வையுங்கள். புதிய சிறு பள்ளத்தில், விளிம்பு உச்சியிலிருந்து அடி வரை ஆழம் குறுக்களவில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. தரைக்கு மேலே எழும் விளிம்பு குறுக்களவில் 4 சதவீதத்துக்குக் கிட்ட. ஆக, 15 சென்ரிமீற்றர் பள்ளத்துக்கு மொத்த ஆழம் 3 சென்ரிமீற்றர். அதில் 6 மில்லிமீற்றர் மேலே, 24 மில்லிமீற்றர் கீழே. ஓரங்குல ரெஜிபோம் பலகையில் 24 தோண்டினால் அடி கிழிந்துவிடும். அதனால் 12 மில்லிமீற்றர் தோண்டி, 8 மில்லிமீற்றர் விளிம்பு கட்டுங்கள். அடி தட்டையாக இருக்கட்டும், 25 மில்லிமீற்றர் வட்ட அடித்தட்டில் நிற்கிற பொம்மை சரிவில் நிற்காது. பெயிண்டுக்கு முன்னமே ஒரு பொம்மையை வைத்துப் பாருங்கள்.

நடுவில் கூம்பு மலை வைக்கிற ஆசையையும் விடுங்கள். நடுமலை வருவது ஏறத்தாழ 15, 20 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பள்ளங்களில்தான்; நிலாவின் டைக்கோப் பள்ளம் 85 கிலோமீற்றர், அதற்கு உண்டு. 28 மில்லிமீற்றர் பொம்மையை ஏறக்குறைய 1:60 என்று வைத்தால், உங்கள் 15 சென்ரிமீற்றர் பள்ளம் நிஜத்தில் 9 மீற்றர். ஒரு நல்ல கிணற்றடி அளவு. கிணற்றுக்குள் யார் மலை வைப்பது?

இப்போது ஆபத்து. தின்னர் ஆவி காற்றைவிடப் பாரம். தரையோடு படர்ந்து அடுத்த அறைக்கு, குசினிக்குப் போகும். அங்கே காஸ் அடுப்போ குத்துவிளக்கோ எரிந்தால் தீ பின்னோக்கி உங்களிடம் வரும். பெற்றோலில் கரைந்த ரெஜிபோம் தோலில் ஒட்டிக்கொண்டே எரியும், தட்டி அணைக்க முடியாது. "மாஸ்க் போட்டுத்தான் செய்தன்" என்பார்கள். கொரோனா நேரத்து மாஸ்க்கும், என்95உம் தூசியைத்தான் மறிக்கும், ஆவியை மறிக்காது. மணம் வருகிறதென்றால் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தலை சுற்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். ஆள் மயங்கினால் அம்புலன்சுக்கு, 1990க்கு எடுங்கள், முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

பழைய அயன்பொக்ஸ் கம்பியை நேரே 230 வோல்ட் பிளக்கில் கொழுவி ரெஜிபோம் வெட்டுகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: நிறுத்துங்கள். ரொட்டி வெட்டும் பல்லுக் கத்தி போதும்.

இனி வேலை. நாலடிக்கு நாலடி மேசைக்கு, இரண்டடிச் சதுரமாக நாலு துண்டு. ரெஜிபோமுக்குக் கீழே அடிப்பலகையாக 6 மில்லிமீற்றர் பிளைவுட். மரத்தூளை அமுக்கிச் செய்த எம்டிஎஃப் பலகை நம் வாவிக்காற்றுக்கு ஓரத்தில் ஊதும். வாழைச்சேனை, கல்முனைப் பக்கத்து மீன்வாடிகளில் கழிக்கிற ரெஜிபோம் பெட்டி இலவசம்தான், ஆனால் மீன் எண்ணெய் மேல் பெயிண்ட் ஒட்டாது. சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி இரண்டு நாள் காயவிடுங்கள். உதிரும் மணிகளை ஈரத் துணியால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டுங்கள். வாசலுக்குக் கூட்டித் தள்ளினால் நாளைக்கு வாவியில் மிதக்கும்.

விளிம்புக்குக் கடதாசிக் கூழ்: ஊறவைத்துப் பிழிந்த கூழ் 2 கப், சுவருக்குப் பூசுகிற வோல் பட்டித் தூள் 1 கப், பைண்டர் கம் என்கிற வெள்ளைப் பசை முக்கால் கப். யூடியூபில் கோதுமை மா சேர்ப்பார்கள். இங்கே சேர்த்தால் கார்த்திகை மழைக்குப் பூஞ்சணம், மிச்சம் கரப்பானுக்கு. வெள்ளைச் சீமெந்து கலந்த பட்டி கையை அரிக்கும், கையுறை போடுங்கள். ஒரு தடவைக்கு அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் அப்பினால் வெடிக்கும். வெயிலில் இரண்டு நாள், மாரியில் நாலைந்து நாள் காயவேண்டும். மேல்பக்கம் மட்டும் ஈரம் பூசினால் பலகை வில்லாக வளையும். அடிப்பக்கத்துக்கும் ஒரு பூச்சு கொடுங்கள்.

தூசிக்குக் கல்லடிக் கடற்கரை மண்ணை அள்ளி அப்படியே ஒட்டாதீர்கள். உப்பு ஈரத்தை இழுத்து, ஒரு மாதத்தில் வெள்ளையாகப் பூத்துப் பெயிண்டைத் தள்ளும். நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசுங்கள். அதைவிட நல்ல சாமான் நெல் ஆலையில் கிடக்கிறது. உமிச்சாம்பலைத் தேயிலை வடியால் அரித்தெடுத்தால் நிலாத்தூள் நிறத்துக்கு அதைப்போல வேறில்லை. அரிக்கும்போது மட்டும் என்95 போடுங்கள், இது தூசி, இங்கே அது வேலை செய்யும். பைண்டர் கம்மும் தண்ணீரும் சமபங்கு, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். அதைப் பூசி, ஈரம் காயுமுன் சாம்பலைத் தூவுங்கள்.

பெயிண்ட் முழுக்கத் தண்ணீரில் கரைகிற எமல்ஷன். முதலில் கரிநிறம் இரண்டு பூச்சு, ஊசித் துவாரம்கூட மிச்சமில்லாமல். "இனி மேலால ஸ்பிரே அடிக்கலாம்தானே?" வேண்டாம் ராசா, ஸ்பிரேக்குள்ளும் ரெஜிபோமைக் கரைக்கிற சாமான் இருக்கிறது. விட்டுப்போன ஒரு துவாரம் போதும், தோலுக்குக் கீழே பொந்து விழும். பஞ்சால் நடுச் சாம்பல் நிறத்தை ஒற்றுங்கள், பிறகு உலர்ந்த பிரஷால் வெளிர் சாம்பலை விளிம்பில் மட்டும் உரசுங்கள். முழு வெள்ளை அடிக்காதீர்கள். நிலா தன்மேல் விழும் ஒளியில் 12 சதவீதம் அளவில்தான் திருப்பி அனுப்புகிறது, பழைய தார் றோட்டு மாதிரி. இரவில் கறுப்பு வானத்தில் இருப்பதால் வெள்ளையாய்த் தெரிகிறது.

பாறைக்குப் பிளாஸ்டர் ஒப் பாரிஸ் வார்ப்பவர்கள், தண்ணீருக்குள் தூளைப் போட்டுக் குச்சியால் கலக்குங்கள். இறுகும்போது அது சுடும். 2007இல் இங்கிலாந்தில் ஒரு மாணவி கை அச்சு எடுக்கவென்று வாளிக்குள் கையை வைத்து விரல்களை இழந்தாள். பிள்ளைகளின் கையை அச்செடுக்க ஆசைப்படும் ஆசிரியர்மார் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். மிஞ்சிய கலவையைச் சிங்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் கல்லாகிவிடும். வாளியிலேயே இறுகவிட்டுத் தட்டிக் கொட்டுங்கள்.