நுண்துளை அறுவை சிகிச்சை: சொல்லும் பொருளும்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பரம்பரை ரத்த நோய் உள்ள ஒரு பிள்ளைக்கு மண்ணீரலை எடுக்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டால், பெற்றவர்கள் ஊருக்குப் போன் போட்டுச் சொல்வது “லேப்ராஸ்கோப்பியாம் அத்தை, துளை போட்டுத்தான் பண்ணுவாங்களாம்” என்கிற மாதிரிதான் இருக்கும். எழுத்தில் வரும்போது மட்டும் அது ‘குறைந்தபட்ச ஊடுருவல் அறுவை சிகிச்சை’ ஆகிவிடுகிறது. தமிழில் ஊடுருவுகிறவன் எல்லை தாண்டி வரும் எதிரி. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் நீட்டுகிற சொல்லா அது?

இதன் மூலச்சொல் ‘மினிமலி இன்வேசிவ் சர்ஜரி’. பிரிட்டனின் சிறுநீரக அறுவை நிபுணர் ஜான் விக்கம் 1980களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. இன்வேசிவ் என்பதன் லத்தீன் வேருக்கு உள்ளே நுழைதல் என்பதே பொருள், படையெடுப்பும் அதே வேரிலிருந்து வந்ததுதான். நம் பெயர்ப்பாளர்கள் படையெடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

லேப்ராஸ்கோப்பி அதைவிடப் பழைய சொல். கிரேக்கத்தில் லாபாரா என்றால் விலாவுக்குக் கீழே மெத்தென்று இருக்கும் பகுதி, ஸ்கோபெய்ன் என்றால் பார்ப்பது. ஆக, வயிற்றுக்குள் பார்த்தல், அவ்வளவே. அறுப்பது என்ற பொருளே அதில் கிடையாது. 1901இல் ஜெர்மனியின் கெல்லிங் நாயின் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்ததும், 1910இல் ஸ்வீடனின் யாக்கோபேயஸ் அதை மனிதர்களிடம் செய்ததும் பார்ப்பதற்காகத்தான். இந்த முறையில் மண்ணீரலை எடுத்த செய்தி 1991இல் பிரான்சிலிருந்து வந்தது, அப்புறம் குழந்தைகளுக்கும் பரவியது.

பரம்பரை ரத்த நோய்க்கும் மண்ணீரலுக்கும் என்ன சம்பந்தம்? பழுதான சிவப்பணுவை வடிகட்டி அழிப்பது மண்ணீரலின் வேலை. ஸ்பீரோசைட்டோசிஸ் என்கிற பரம்பரை நோயில் சிவப்பணுக்கள் தட்டையாக இல்லாமல் உருண்டையாக இருப்பதால் அங்கேயே மாட்டி அழிகின்றன. ரத்தசோகை, மஞ்சள் காமாலை, பித்தப்பைக் கல் என்று வரிசையாக வரும். ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயான தலசீமியாவில் மண்ணீரல் வீங்கி, ஏற்றுகிற ரத்தத்தையும் அழிக்கத் தொடங்கினால் எடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள். (அம்மா அப்பா இருவரும் தலசீமியா மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே கட்டிக்கொடுக்கும் நம் ஊர்களில் கல்யாணத்துக்கு முன்னாலேயே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.)

வேலை நடப்பது இப்படி: கரியமிலவாயுவால் வயிற்றை உப்பவைத்து, மூன்று நான்கு துளை வழியாகக் கேமராவும் கருவிகளும் போகும். பிரித்த மண்ணீரலை உள்ளேயே ஒரு பைக்குள் போட்டு, நொறுக்கி, பெரும்பாலும் தொப்புள் பக்கத்துத் துளை வழியாக எடுப்பார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? என் ஓட்டு ‘நுண்துளை அறுவை சிகிச்சை’க்குத்தான், ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதும்கூட. நாதஸ்வரத்தைத் துளைக்கருவி என்று சொல்லிப் பழகிய காவிரிக்கரையில் துளை என்றால் யாரும் பயப்படப்போவதில்லை. ‘சாவித்துவார அறுவை’ என்று ஒன்றும் உலவுகிறது, அது ஆங்கிலத்தின் ‘கீஹோல் சர்ஜரி’யைக் கண்ணை மூடிக்கொண்டு பெயர்த்தது. சிகிச்சை வடமொழி என்பவர்கள் ‘நுண்துளை அறுவை மருத்துவம்’ என்று எழுதட்டும், தப்பில்லை. வெறும் ‘அறுவை’ என்று நிறுத்தினால் மட்டும் காலேஜ் பசங்க சிரிப்பார்கள். லேப்ராஸ்கோப்புக்கு ‘வயிற்று உள்நோக்கி’ போதும்.

ஒன்று மட்டும் கவனம். இந்தப் பெயரில் நுண் என்பது துளைக்குத்தான், அறுவைக்கு அல்ல. தழும்பு சிறிது, வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்கு வரலாம். ஆனால் கிருமிகளோடு போராட உதவும் ஓர் உறுப்பு போனது போனதுதான். அதனால்தான் முடிந்தவரை ஐந்தாறு வயதுவரை தள்ளிப்போடுகிறார்கள், நிமோகாக்கஸ் உள்ளிட்ட பாக்டீரியாக்களுக்கான தடுப்பூசிகளை இரண்டு வாரத்துக்கு முன்னாலாவது போடுகிறார்கள், பிறகு பென்சிலினும் தொடர்கிறது. சிலருக்கு ஒரு பகுதியை மட்டும் எடுப்பதும் உண்டு. மண்ணீரல் இல்லாத பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம் போட்டுக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்; அங்கே போனதும் முதல் வார்த்தையே ‘இவனுக்கு மண்ணீரல் எடுத்திருக்கு’ என்பதாக இருக்கட்டும்.