கந்தோர்: காசு எண்ணிய மேசையிலிருந்து வந்த சொல்

திருகோணமலையில் இளசுகள் "போஸ்ட் ஒபிஸ்" என்பதை, அதன் பெயர்ப்பலகை "தபாலகம்" என்பதை, எழுபது தாண்டிய அம்மம்மாமார் இன்றைக்கும் "தபால் கந்தோர்" என்றுதான் சொல்வார்கள். மாதச் சம்பளக்காரர் என்றால் "கந்தோர் உத்தியோகம்", வேலைக்குப் போகிறவர் "கந்தோருக்குப் போற ஆள்". ஏதோ கந்தன் பேரில் உள்ள ஊர் மாதிரி ஒலித்தாலும் கந்தனுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இது டச்சுச் சொல். அந்த மொழியில் அலுவலகத்துக்குப் பெயர் "கன்தோர்". கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு கைகோத்து 1639இல் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்கள் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர். இடையில் விட்டுப் போனார்கள், திரும்பி வந்தார்கள், 1782இல் அதே கோட்டையை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே வருடத்துக்குள் மாறிமாறிப் பிடித்த கூத்தும் நடந்தது, கடைசியாக 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அந்தக் கோட்டைக்குப் பிரெட்றிக் கோட்டை என்ற இன்றைய பெயரெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான். வந்த ஒல்லாந்தர் அரசாள வந்தவர்கள் என்பதைவிட ஒரு வணிகக் கும்பனியின் ஆட்கள் என்பதுதான் சரி. கறுவா, யானை, முத்து என்று எதைத் தொட்டாலும் கணக்கு எழுதியவர்கள், ஆகவே அவர்கள் போன இடமெல்லாம் கந்தோரும் கூடவே போனது.

டச்சுக்காரர் இதைப் பிரெஞ்சிலிருந்து எடுத்தார்கள். பிரெஞ்சில் "கொன்துவார்" என்றால் முதலில் காசு எண்ணிக் கணக்குப் பார்க்கும் மேசை. பிறகு அந்த மேசை இருந்த அறைக்கும், அறை இருந்த வணிக நிலையத்துக்கும் அதே பெயர் ஏறிவிட்டது. இதற்கெல்லாம் அடியில் இருப்பது "கணக்கிடு" என்ற பொருளுள்ள லத்தீன் வினை, "கொம்புத்தாரே". சுவாரசியம் இங்கேதான் இருக்கிறது. கடையிலும் வங்கியிலும் நாம் சொல்லும் "கவுண்டர்", காசு போட்டு வைக்கும் "எக்கவுண்ட்", மேசையில் இருக்கும் "கம்பியூட்டர்" மூன்றும் அதே லத்தீன் வினைக்குப் பிறந்தவைதான், ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தன, அவ்வளவுதான் வித்தியாசம். ஆக, தபால் கந்தோர்க் கவுண்டரில் நின்று சேமிப்பு எக்கவுண்டுக்குக் காசு கட்ட, உள்ளே இருப்பவர் அதைக் கம்பியூட்டரில் தட்டினால், ஒரே குடும்பத்துச் சொற்கள் நான்கும் அங்கே ஒன்றாகக் கூடிவிட்டன என்று அர்த்தம்.

கந்தோரில் வரும் "த" எழுத்தையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்திலிருந்து வந்திருந்தால் அங்கே "ட" விழுந்திருக்கும்: டிக்கெட், டீச்சர், ஹோட்டல், டவுன். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அந்த ஒலியை நாக்கைப் பல்லில் தொட்டோ பல்லை ஒட்டியோ சொல்வதால் நம் காது அதைப் பெரும்பாலும் "த" என்றே வாங்கிக்கொண்டது. சப்பாத்து, துவாய், காணிப் பதிவேடான தோம்பு ஆகியவை போர்த்துக்கேயம். காணி உறுதி எழுதும் நொத்தாரிசு டச்சு. ஈழத்தில் புழங்கும் ஒரு சொல் எந்த வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு என்று குத்துமதிப்பாகப் பார்க்க இது நல்ல வழி, எப்போதும் பலிக்காது, ஆனால் அடிக்கடி பலிக்கும். அப்புறம், சிங்களத்தில் இது "கன்தோருவ" என்று வல்லொலியோடு நிற்க, தமிழில் "பந்து", "சந்து" என்பதில் வருகிற அதே மெல்லிய "ந்த" ஆகிவிட்டது. அது நம் மொழியின் இயல்பு, நகரத்துக்குப் பின்னால் வரும் தகரம் நம் வாயில் தானாகவே இளகிவிடும்.

இந்தோனேசியாவிலும் அலுவலகம் "கன்தோர்" தான், தபாலகம் "கன்தோர் போஸ்". அங்கேயும் டச்சுக் கும்பனிதான் விதைத்தது. ரஷ்யாவில்கூட "கொன்தோரா" என்று ஒரு சொல் உண்டு.

கச்சேரியையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். "கச்சேரிக்குப் போய் ஜி.ஏ.யைப் (அரசாங்க அதிபரை) பார்த்திட்டு வாறன்" என்று திருகோணமலையில் சொன்னால் பாட்டுக் கேட்கப் போகிறார் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். அது இந்துஸ்தானிச் சொல், வழக்குமன்றம், அரசு அலுவலகம் என்று பொருள், ஆங்கிலேயர் ஆட்சியோடு இங்கே நிலைத்தது. தமிழ்நாட்டில் சபை கூடும் பொருள் வளர்ந்து இசைக்குப் போய்விட்டது என்றாலும், சென்னை மயிலாப்பூரில் உள்ள கச்சேரி சாலையின் பெயரில் பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் பக்கத்துக் கச்சேரியின் பலகையில் இப்போது எழுதுவது மாவட்டச் செயலகம்.

சரி, கந்தோருக்கு நல்ல தமிழ் என்ன? அலுவலகம். அலுவல் என்றால் வேலை, அகம் என்றால் இடம், வேறு விளக்கம் தேவையில்லை. காரியாலயம் என்று எழுதுவதும் உண்டு, ஆனால் அது காரியம், ஆலயம் என்ற இரண்டு வடசொற்களின் கூட்டு, டச்சை விட்டுச் சமஸ்கிருதத்துக்குப் போனதுதான் மிச்சம். பணிமனை அழகான சொல், நம் பக்கத்தில் சுகாதார அலுவலகங்களும் கல்வி அலுவலகங்களும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வருகிற உறவினருக்கு மட்டும் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டி வரும், ஏனென்றால் அவர்கள் ஊரில் பணிமனை என்றால் பேருந்துகளை நிறுத்தித் திருத்தும் இடம், கல்விப் பணிமனை என்ற பலகையைப் பார்த்து அவர்கள் முழித்தால் குற்றம் சொல்ல முடியாது. விண்ணப்பத்திலும் கடிதத்திலும் எழுதுவதற்கு அலுவலகமே போதும். அம்மம்மா கந்தோர் என்று சொன்னால் திருத்தப் போகாதீர்கள், முந்நூறு வருடத்துக்கு மேலாக இங்கே குடியிருக்கிற சொல் அது.