ரிவர்ஸ் கியர் விழுந்ததும் ரேடியோ தானே அடங்கட்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் வாகன மின்பணி செய்பவன் என்ற முறையில், பெரிய ஸ்பீக்கரும் ஆம்பிளிஃபயரும் பொருத்தித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்பது, வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதுதான். மேடும் பள்ளமுமான எங்கள் பகுதியில் பல வீடுகளின் வண்டிப்பாதை சரிவாக இருக்கிறது. பிள்ளைகள் பந்து விளையாடும் இடமும் அதுவே. தீபாவளிக்கும் காவடிக்கும் உறவினர்கள் கூடினால் ஒரே முற்றத்தில் நான்கைந்து வண்டிகள் நெருக்கி நிற்கும். பின்புறம் மூடுகூண்டு (கனோபி) போட்ட பக்கிக்கு, அதாவது பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஒட்டி நிற்கும் மூன்று வயதுக் குழந்தை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. அப்போது ஓட்டுநரை நிறுத்தக்கூடியது வாசலில் நிற்கும் பாட்டியின் கூச்சல் ஒன்றுதான். பாட்டு அலறிக்கொண்டிருந்தால் அதுவும் காதில் விழாது.

"வால்யூமை நானே குறைத்துக்கொள்வேன், அண்ணே" என்று சொல்பவர்கள் உண்டு. அவசரமாகக் கிளம்பும் நாளில் அது நினைவுக்கு வருவதில்லை. ஆகவே அந்த வேலையைக் கியரிடமே ஒப்படைக்கச் சொல்கிறேன்.

தனியாக வாங்கிப் பொருத்தும் ரேடியோக்கள் பலவற்றின் பின்புறம் 'மியூட்' என்று ஒரு கம்பி இருக்கும். பெரும்பாலும் அதை எர்த்துடன் இணைத்தால் ஒலி அடங்கிவிடும். கம்பியின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால், ரேடியோவுடன் வரும் வரைபடத்தைப் பார்த்தே அதை அடையாளம் காண வேண்டும். அதன்பின், ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கம்பியை 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வண்டியின் பாடியில் தொட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

ரிவர்ஸ் கியர் போட்டு ரிவர்ஸ் லைட்டுக்கு 12 வோல்ட் வந்ததும் இந்தக் கம்பியை எர்த் செய்ய, சுவிட்ச் போல வேலை செய்யும் ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் போதும். ரிவர்ஸ் லைட் கம்பியிலிருந்து 1 ஆம்பியர் ஃபியூஸ், அடுத்து மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டையோடு, அடுத்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் ஒன்றான பேஸுக்குப் போக வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே இன்னொரு 10 கிலோ ஓம், மற்ற இரு கால்களில் எமிட்டர் எர்த்தில், கலெக்டர் மியூட் கம்பியில். டையோடும் முதல் ரெசிஸ்டரும் சேரும் இடத்திலிருந்து எர்த்துக்கு மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டால், கியரை எடுத்த பின்னும் 2 முதல் 3 வினாடி வரை அமைதி நீடிக்கும். முன்னும் பின்னுமாக வண்டியைத் திருப்பும்போது பாட்டு விட்டுவிட்டு வெடிக்காது. டையோடு இல்லாவிட்டால் கெப்பாசிட்டரின் மின்னூட்டம் ரிவர்ஸ் பல்பு வழியாக உடனே வடிந்துவிடும் என்பதால், அதை மிச்சப்படுத்த நினைக்க வேண்டாம். எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டும், இடையிடையே அதற்கும் மேலே துள்ளும். கெப்பாசிட்டர் 35 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும்.

டிரான்சிஸ்டருக்குப் பதிலாக, மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே வைத்தும் இதைச் செய்யலாம். ஆனால் புதிய வண்டிகள் சிலவற்றில் பல்பு எடுக்கும் மின்னோட்டத்தைக் கணினி கண்காணிப்பதால், ரிலே இழுக்கும் கூடுதல் மின்னோட்டம் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கை ஏற்றிவிடக்கூடும். மேற்சொன்ன சர்க்யூட் எடுப்பது ஏறக்குறைய 1 மில்லி ஆம்பியர்தான்.

எனக்கு உண்மையான கவலை தருவது, மியூட் கம்பியைத் தேடாமல் ஸ்பீக்கர் கம்பியில் கை வைப்பவர்களைப் பற்றியது. இன்றைய ரேடியோக்களில் ஸ்பீக்கரின் மைனஸ் கம்பி எர்த் அல்ல. அதைப் பாடியில் இணைத்தால் உள்ளிருக்கும் ஆம்பிளிஃபயர் சிப் கருகிவிடலாம். பேட்டரியிலிருந்து நேராக வரும் கம்பியைத் துண்டித்தால் ரேடியோவின் நினைவகம் அழிந்து, சில ரேடியோக்கள் ரகசிய எண் கேட்டு நின்றுவிடும்.

வண்டியோடு வந்த ரேடியோவாக இருந்தால் முதலில் அதன் அமைப்புகளைப் பாருங்கள். ரிவர்ஸில் ஒலியைக் குறைக்கும் வசதி அதிலேயே இருக்கலாம். பார்க்கிங் சென்சாரின் பீப் ஒலி அதே ஸ்பீக்கரில் வருமானால், மியூட் அதையும் சேர்த்து அடக்குகிறதா என்று சோதிக்காமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது.

இணைப்புகளை அழுத்திக் கவ்வும் கிளிப்பால் முடிக்க வேண்டாம். டர்பனின் கடற்காற்றில் அவை பச்சை பூத்துப்போகும். ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள்.

வேலை முடிந்ததும் சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை ஓடவிடாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ரேடியோவை முழு வால்யூமில் வைத்து ரிவர்ஸ் கியரைப் போடுங்கள். வீட்டிலிருந்து ஒருவர் வண்டிக்குப் பின்னால் அல்ல, பக்கவாட்டில் சற்றுத் தள்ளி நின்று கூப்பிடட்டும். ஜன்னல் கண்ணாடிகள் ஏற்றியிருக்கும்போது அந்தக் குரல் உள்ளே கேட்கவில்லை என்றால், ரேடியோ அடங்கினாலும் வண்டியைப் பின்னெடுக்கும்போது ஓட்டுநர் பக்க ஜன்னல் கண்ணாடியை இறக்கியே வைக்க வேண்டியிருக்கும்.