டெஸ்ட் கிட்டில் ஃபாஸ்பேட் இல்லை, பாறையில் பாசி போகவில்லை

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் 200 லிட்டர் பவளத் தொட்டி, ஆறு மாதமாக இரும்புத் துகள் போட்ட ரியாக்டர் (துகள் வழியே தண்ணீரைச் செலுத்தி ஃபாஸ்பேட்டைப் பிடிக்கும் குழாய்) ஓடுகிறது, டெஸ்ட் கிட் ஃபாஸ்பேட் 0.02 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் என்றுதான் காட்டுகிறது, ஆனாலும் பாறை முழுக்கப் பச்சை முடி மாதிரி பாசி. "துகளை மாற்றிவிட்டேன், பம்பைக் கூட்டியும் பார்த்துவிட்டேன், இனி என்ன செய்ய?" என்கிறார். இதே நிலையில் நானும் ஏறக்குறைய ஒரு வருடம் தவித்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பாசிக்கு வெளிச்சம், கரியமில வாயு, நைட்ரஜன், பாஸ்பரஸ் எல்லாம் வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மீனுக்குப் போடும் தீனியில் பாஸ்பரஸ் இருக்கிறது, அது ஃபாஸ்பேட்டாகத் தண்ணீரில் கரைகிறது. நைட்ரஜனையாவது பாக்டீரியாக்கள் வாயுவாக்கி வெளியே அனுப்பிவிடும், பாஸ்பரஸுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. தொட்டிக்குள் வந்தால் யாராவது எடுத்து வெளியே போட்டால்தான் உண்டு. அதைச் செய்யத்தான் ரியாக்டர்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ரியாக்டரில் போடும் அந்தப் பழுப்புத் துகள் அடிப்படையில் துருதான், இரும்பும் ஆக்சிஜனும் ஹைட்ராக்சிலும் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் இணைந்த குழு) சேர்ந்தது. கடல்நீரில் குளோரைடு லிட்டருக்கு 19,000 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, சல்பேட் சுமார் 2,700. நம் தொட்டியில் தொல்லை தரும் ஃபாஸ்பேட்டோ 0.1 மில்லிகிராம். அதாவது ஒரு ஃபாஸ்பேட்டைச் சுற்றி லட்சக்கணக்கில் குளோரைடு கூட்டம். அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு ஃபாஸ்பேட்டை மட்டும் துரு எப்படிப் பிடிக்கிறது?

வெறும் மின்னேற்றக் கவர்ச்சி என்றால் முடியாது, கூட்டம்தான் ஜெயிக்கும். குளோரைடு தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டு துகளின் பரப்புக்கு அருகே வந்து நின்றுவிட்டுப் போய்விடும். ஃபாஸ்பேட் அப்படியில்லை. துகளின் பரப்பெங்கும் இரும்பு அணுக்களில் ஹைட்ராக்சில் குழுக்கள் ஒட்டியிருக்கின்றன. ஃபாஸ்பேட் அந்த ஹைட்ராக்சிலைத் தள்ளிவிட்டு, தன் ஆக்சிஜனை நேராக இரும்போடு பிணைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் ஒரு கையால் அல்ல, இரண்டு ஆக்சிஜன்களால், பக்கத்துப் பக்கத்து இரண்டு இரும்பு அணுக்களை ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கிறது. இடம் கொடுத்த ஹைட்ராக்சில் தண்ணீரோடு போய்விடுகிறது. மரத்தில் சாய்ந்து நிற்பவரைக் காற்று தள்ளலாம், இரண்டு கைகளாலும் கிளையைப் பிடித்துத் தொங்குபவரை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. நல்ல தரமான துகளில் ஒரு கிராமுக்கு 200 சதுர மீட்டருக்கு மேல் உட்பரப்பு உண்டு, நம் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட ஒரு கிரவுண்டு. உள்ளங்கையில் ஒரு சிட்டிகை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும்.

இந்தத் துகள் மீன் தொட்டிக்காகப் பிறந்ததும் இல்லை. குடிநீரிலிருந்து ஆர்சனிக்கை எடுக்க உருவானது. தனிம அட்டவணையில் பாஸ்பரஸுக்கு நேர் கீழே ஆர்சனிக், ஆர்சனிக்கிலிருந்து வரும் ஆர்சனேட்டும் பாஸ்பரஸிலிருந்து வரும் ஃபாஸ்பேட்டும் ஒரே வடிவம், அதனால் இரும்புக்கு இரண்டுமே ஒன்றுதான். சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப் குழு உருவாக்கிய 'அம்ரித்' வடிகட்டியும் இதே இரும்பு ஆக்சி-ஹைட்ராக்சைடு வேதியியலில்தான் ஓடுகிறது. வங்காளத்துக் கிராமங்களில் ஆர்சனிக்கால் தோலில் புண் வந்தவர்களைச் சாபம் பிடித்தவர்கள் என்று ஒதுக்கிவைத்த கொடுமை நடந்தது. அந்தச் சாபம் கிணற்றுத் தண்ணீரில் இருந்தது, அதற்கு மருந்து துருவில் இருந்தது. துருவின் பரப்பை ஆராய எதற்குப் பணம் என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். இந்த மாதிரி அடிப்படை வேலைக்கு அரசு இன்னும் பல மடங்கு கொடுக்க வேண்டும்.

சரி, பாசிக்கு வருவோம். 0.02 என்றால் ஃபாஸ்பேட் வரவில்லை என்று பொருள் இல்லை, தண்ணீரில் மிச்சம் இருப்பது அவ்வளவு என்றுதான் பொருள். சம்பளம் வந்த அன்றே செலவாகிவிடும் வீட்டில் மாதக் கடைசியில் பர்ஸைத் திறந்து பார்ப்பது போல. பாசி வரும்போதே எடுத்துக்கொள்கிறது. எங்கிருந்து வருகிறது? தீனியிலிருந்து ஒரு பங்கு, பாறையிலிருந்து ஒரு பங்கு. பாறையும் மணலும் சுண்ணாம்பு, அதிலும் ஃபாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் அளவு அதிகமாக இருந்த மாதங்களில் சேர்த்துவைத்ததை, ரியாக்டர் அளவைக் குறைத்ததும் பாறை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறது. பாசியின் அடி அந்தப் பாறையில்தான் இருக்கிறது. அங்கிருந்து வரும் ஃபாஸ்பேட், தொட்டிக்குக் கீழே உள்ள சம்புக்குள் (வடிகட்டித் தொட்டி) இருக்கும் ரியாக்டருக்குப் போய்ச் சேருவதற்குள் பாசி முந்திக்கொள்கிறது.

அப்புறம் ரியாக்டரே வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டித் தண்ணீர் ஒன்று, ரியாக்டரிலிருந்து வெளியே வரும் தண்ணீர் ஒன்று, இரண்டையும் ஒரே நேரத்தில் சோதியுங்கள். உங்கள் கிட்டால் 0.02க்குக் கீழே பிரித்துச் சொல்ல முடியாது என்றால், மீனுக்குத் தீனி போட்டு சில மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு என்றால் துகள் நிரம்பிவிட்டது, அல்லது தண்ணீர் துகளைத் தொடாமலே போகிறது. இரண்டாவதுதான் எனக்கு நடந்தது. மூடியைத் திறந்து உள்ளே கரண்டியை விட்டபோது டக்கென்று சத்தம் கேட்டது; துகள் மொத்தமும் வெல்லக்கட்டி போல இறுகி, ஓரமாக விரல் அகலத்துக்கு ஒரு ஓடை, தண்ணீர் அத்தனையும் அதன் வழியே. பள்ளம் கண்ட இடத்தில்தானே தண்ணீர் ஓடும். ஓட்டம் மிகக் குறைவாக இருந்தால் துகள்கள் அசையாமல் கிடந்து, நடுவே கால்சியம் கார்பனேட் படிந்து சிமென்ட் போலப் பிடித்துவிடுகிறது.

அதற்காகப் பம்பைக் கூட்டுவதும் தப்பு. துகள் கொதிக்கும் சோறு போலக் குதித்தால் ஒன்றோடொன்று உரசி மாவாகி, தொட்டிக்குள் பழுப்புத் தூசியாக வரும். மேல் அடுக்கு மட்டும் லேசாக நடுங்க வேண்டும், அவ்வளவுதான். புதுத் துகளை ஆர்ஓ தண்ணீரில் அலசுங்கள், முதலில் செம்மண் வெள்ளம் போல வரும், தெளியும் வரை அலசுவதை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, இதில் பலரும் சறுக்குகிறார்கள். பாசி போகவில்லை என்று துகளை இரட்டிப்பாகப் போடாதீர்கள். பவளத்தின் உடலுக்குள் இருக்கும் நுண்பாசிக்கும் பாஸ்பரஸ் வேண்டும், திடீரென்று பறித்தால் பவளம் வெளிறி, திசு பின்வாங்கும். நைட்ரேட்டும் ஃபாஸ்பேட்டும் அடியோடு இல்லாமல் போன தொட்டிகளில் பழுப்புச் சளி போல, குமிழ் குமிழாக ஒன்று மணலை மூடும். பகலில் பரவி, இரவில் குறைந்துவிடும். அது பெரும்பாலும் டைனோஃப்ளாஜெல்லேட், அதற்கு மருந்து ரியாக்டரை நிறுத்துவது. கொஞ்சம் எடுத்து ஒரு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும், நீந்திக்கொண்டிருக்கும்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மன்னார் வளைகுடாவின் கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, பிடுங்குவதும் விற்பதும் குற்றம். பவளத்தைப் பார்க்க ஆசை என்றால் கடலில் போய்ப் பாருங்கள், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

உங்களுக்கு என் யோசனை இதுதான். இந்த வாரம் ரியாக்டரைத் திறந்து கட்டி இருக்கிறதா பாருங்கள், பாதி அளவு புதுத் துகள் போட்டு மேல் அடுக்கு நடுங்கும்படி வால்வைத் திருப்புங்கள். பாசியைக் கையால் பிடுங்கி வெளியே எடுத்துப் போடுங்கள், ஏனென்றால் ரியாக்டருக்கு எட்டாத பாஸ்பரஸ் அதற்குள்தான் இருக்கிறது; தொட்டிக்குள்ளேயே செத்து அழுகினால் அத்தனையும் தண்ணீருக்குத் திரும்பும். உறைந்த தீனியைக் கரைத்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் வடிகட்டி மீதியைப் போடுங்கள். பாசி தின்னும் டர்போ நத்தைகள் இரண்டு விடலாம். பாறை தன் இருப்பைக் கொடுத்து முடிக்கச் சில மாதங்கள் ஆகும். என் தொட்டியில் ஐந்தாவது வாரம்தான் பாசி முதலில் வெளிறியது, அப்புறம் பழைய டூத் பிரஷால் தேய்த்தாலே கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது.