சத்தம் போடாத கடனை முதலில் பாருங்கள்

வேலை போன பிறகு கடனோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "போன மாசம் யாருக்குக் கட்டினீங்க?" என்பதுதான். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: யார் அதிகமாகப் போன் பண்ணினாரோ, அவருக்கு.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வக்கீல் தொழில் பார்க்கிற எனக்கு இந்தக் காகிதக் கட்டுகள் பழகிவிட்டன. கஞ்சிக்கோட்டு ஆலைகளில் இருந்தவர்கள், தினமும் வாளையார் தாண்டிக் கோவைக்குப் போய்வந்தவர்கள் கொண்டுவருபவை. கட்டைப் பிரித்தால் தெரிவது இது: அதிகம் கத்துகிறவர் கையில் சட்டப்படி ஒன்றும் இருக்காது. பேசாமல் இருக்கிறவரிடம்தான் வீட்டுப் பத்திரமும் நகையும் கையெழுத்துப் போட்ட செக்கும் இருக்கும்.

கத்துகிறவர்களை முதலில் பார்ப்போம். கிரெடிட் கார்டு, பெர்சனல் லோன், ஆப் லோன் எல்லாம் பெரும்பாலும் ஈடு இல்லாத கடன்கள். கட்டாவிட்டால் அவர்கள் சிவில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கித்தான் வசூலிக்க முடியும். "நாளைக்கு போலீஸ் வரும்" என்று ஏஜென்ட் சொல்வது வெறும் மிரட்டல். கையில் காசில்லை என்பதற்காகக் கடனாளியைச் சிறையில் தள்ள முடியாது என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கு அது. தீர்ப்பை எழுதியவர் நம் பாலக்காட்டுக்காரரான நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். வசதி இருந்தும் ஏமாற்றுகிறவர் கதை வேறு. பெண்களையோ, பணத் தீர்ப்புக்காகக் கைது செய்யவே முடியாது.

காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மகளிர் குழுக்களுக்கு மைக்ரோ ஃபைனான்ஸ் கொடுக்கிறவர்களுக்கு இன்னும் கடுமை, காலை 9 முதல் மாலை 6 வரைதான். ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "பணம் வாங்காம எந்திரிக்க மாட்டேன்" என்பதற்கு எந்த விதியிலும் இடமில்லை. ஆப் கடன்காரர் உங்கள் போனிலுள்ள எண்களை எடுத்து மாமனாருக்கும் பக்கத்து வீட்டுக்கும் மெசேஜ் அனுப்பினால், படத்தை வெட்டி ஒட்டி மிரட்டினால், எதையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். அவமானத்துக்குப் பயந்து கட்டுகிற பணத்தோடு அது நிற்பதில்லை. பயப்படுகிற ஆள் என்று தெரிந்தால் மறுபடியும் வருவார்கள்.

இனி, பேசாமல் இருப்பவர்கள். அநியாய வட்டிக்கு விடுகிற பிளேடுக்காரரிடம் வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அதுதான் உங்கள் முதல் கவலை. தொகையை அவரே நிரப்பினாலும், கையெழுத்து உங்களுடையது என்றால் கடன் இருப்பதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு உங்கள் தலையில். செக் திரும்பினால் நோட்டீஸ் வரும். கிடைத்த 15 நாளுக்குள் கட்டாவிட்டால் கிரிமினல் வழக்கு. இங்கே பலர் செய்கிற காரியம், ரிஜிஸ்தர் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புவது. சரியான விலாசத்துக்குப் போன தபால் திரும்பினாலும் கிடைத்ததாகவே கணக்கு. வாங்கிப் பிரியுங்கள், 15 நாளில் பேசி முடிக்கவாவது வழி இருக்கும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் தவணை திரும்பினாலும் இதேபோல வழக்குப் போட முடியும் என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே தேதிக்கு முன்பே கிளைக்குப் போய், வேலை போன விவரத்தை எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள்.

வீட்டுக் கடன் 90 நாள் நிலுவையானால் வாராக்கடன். அடுத்து 60 நாள் அவகாசத்தோடு ஒரு நோட்டீஸ் ஆங்கிலத்தில் வரும். ஆங்கிலம் படிக்க ஆளில்லாமல் அது பீரோவுக்குள் போய்விடும். அதற்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் தந்தாக வேண்டும். பேச்சுவார்த்தை நடக்கிற நேரம் அதுதான், ஜப்திக்கு ஆள் வந்த பிறகு அல்ல.

அடகு நகையை மீட்க வழியே இல்லை என்று தெரிந்தால், ஏலம் வரை விடாமல் நீங்களே மீட்டு விற்க ஏற்பாடு செய்யுங்கள். ஏலம் போய்விட்டால், கடனும் வட்டியும் செலவும் போக மீதி உங்களுக்குச் சேரவேண்டிய பணம். கேட்டு வாங்குகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொரு விஷயம். கடன் கொடுத்த வங்கியிலேயே உங்கள் சேமிப்புக் கணக்கும் இருந்தால், கம்பெனி தரும் கடைசிச் செட்டில்மென்ட் பணம் அங்கே வந்ததும் நிலுவைக்குப் போய்விடலாம். அப்படி எடுக்க வங்கிக்கு உரிமை உண்டு. அரிசிக்கும் ஸ்கூல் பீஸுக்கும் வேண்டிய பணம் வேறு வங்கியில் வந்து சேரட்டும். ஈஎஸ்ஐ பிடித்தம் இருந்தவர்கள், வேலையிழந்தோருக்கான உதவித்தொகை இப்போது கிடைக்குமா என்று கிளை அலுவலகத்தில் கேளுங்கள்.

பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வேண்டாம். எல்லைக்கு இந்தப் பக்கம் பிளேடு, அந்தப் பக்கம் கந்துவட்டி. கேரளத்தில் 2012-லும் தமிழ்நாட்டில் 2003-லும் அதற்குத் தனிச் சட்டங்கள் வந்தன. ஆனால் சட்டம் வந்து சேர்வதற்குள் வட்டி முந்திவிடும். புகார் எழுத மலையாளம் வராதே என்று தயங்காதீர்கள். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளிலுள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே அதற்கு இடம் தந்திருக்கிறது.

கணக்கை வீட்டில் மறைக்காதீர்கள். மனைவிக்குத் தெரியாத கடன்தான் ஏஜென்ட்டின் பெரிய பலம். ராத்திரி தூக்கம் போய், வேண்டாத எண்ணம் வந்தால் மனநல உதவி எண்ணான 14416-ல் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் தாலுக்கா சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் உதவி இலவசம். கடன் வழக்குகளை அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், குறைத்துப் பேசி முடிக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அங்கே கையெழுத்தானதற்கு அப்பீல் கிடையாது. "அடுத்த மாசம் வேலை கிடைச்சிரும் சார்" என்ற நம்பிக்கையில் பெரிய தவணைக்கு ஒப்புக்கொள்ளாமல், இன்றைக்கு வீட்டுக்கு வருகிற வருமானத்தை வைத்துத் தொகையைச் சொல்லுங்கள். பணத்தை ஏஜென்ட்டின் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பாமல் கடன் கணக்கிலேயே கட்டி, ரசீதும் பாக்கி இல்லை என்ற கடிதமும் வாங்கிவிடுங்கள்.