டிக் டேட்டாவுக்குன்னு தனியா ஒரு டேட்டாபேஸ் ஏன் வந்துச்சு?

ஷேர் மார்க்கெட் திறந்திருக்கிற நேரம் முழுக்க, நடக்கிற ஒவ்வொரு டிரேடுக்கும், வாங்குற விலை விக்கிற விலைல வர்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி டேட்டா வந்துட்டே இருக்கும், இதைத்தான் டிக்னு சொல்றாங்க. பெரிய எக்ஸ்சேஞ்ச்ல ஒரு நாள் டிக் மட்டுமே கோடிக்கணக்குல போயிடும்.

இந்த டேட்டாவுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு தடவை எழுதினதை அநேகமா யாரும் தொடவே மாட்டாங்க, புதுசு எல்லாம் கடைசிலதான் வந்து சேரும், கேள்வியும் "10 மணிலேந்து 11 மணி வரை இந்த ஷேரோட சராசரி விலை என்ன"ங்கிற மாதிரிதான் இருக்கும். பேங்க் கணக்குக்குன்னு வந்த டேட்டாபேஸ் ஒரு கஸ்டமரோட மொத்த விவரத்தையும் எடுத்து மாத்தி வைக்க வசதியா வரி வரியா டிஸ்க்ல அடுக்கும். அதுல 20 நெடுவரிசை இருக்கிற டேபிள்ல விலை மட்டும் போதும்னாலும் மீதி 19ஐயும் சேத்துத்தான் டிஸ்க்லேந்து இழுக்கணும்.

1980கள்லயே ஃபேம்னு ஒரு மென்பொருள் இருந்துச்சு, மத்திய வங்கிகள் பயன்படுத்தினாங்க, ஆனா அது மாசக் கணக்கு, காலாண்டுக் கணக்கு மாதிரி சீரான இடைவெளி டேட்டாவுக்கு. டிக் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?

இங்கதான் ஆர்தர் விட்னி வர்றார். கென்னத் ஐவர்சன் உருவாக்கின ஏபிஎல்ங்கிற கம்ப்யூட்டர் மொழில எண்களோட ஒரு வரிசை முழுசையும் ஒரே பொருளா வச்சு கணக்குப் போடலாம். அதே வழில விட்னி மார்கன் ஸ்டான்லிங்கிற முதலீட்டு வங்கில 1988ல ஒரு மொழி எழுதி, அப்புறம் 1993ல ஜேனட் லஸ்ட்கார்டனோட சேந்து கேஎக்ஸ் கம்பெனி ஆரம்பிச்சார், 1998ல கேடிபிங்கிற டேட்டாபேஸ், 2003ல அதோட அடுத்த வடிவம் கேடிபி ப்ளஸ். ஒவ்வொரு நெடுவரிசையும் தனி ஃபைல், ஒவ்வொரு தேதிக்கும் தனி ஃபோல்டர். விலை வேணும்னா விலை ஃபைலை மட்டும் திற, அவ்ளோதான். அன்னன்னிக்கு வர்ற டிக் எல்லாம் மெமரில இருக்கும், மார்க்கெட் முடிஞ்சதும் மொத்தமா டிஸ்க்குக்குப் போகும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது ஆஸ்-ஆஃப் ஜாயின். ஜாயின்னா ரெண்டு டேபிளோட வரிகளைப் பொருத்திச் சேக்கிறது. 10:00:01க்கு விக்கிற விலை 100.10, 10:00:04க்கு அது 100.30 ஆகுது. நடுவுல 10:00:03க்கு 100.10ல ஒரு டிரேட். அந்த நொடில எந்த விலை நடப்புல இருந்துச்சு? சாதாரண ஜாயின் 10:00:03ன்னு அச்சா அதே நேரத்தைத் தேடும், ஒண்ணும் கிடைக்காது. ஆஸ்-ஆஃப் ஜாயின் அதுக்கு முன்னாடி கடைசியா வந்த 10:00:01 விலையை எடுத்துக் கொடுக்கும், டிரேடும் விக்கிற விலைலயே நடந்திருக்கிறதால வாங்க வந்தவர்தான் அவசரப்பட்டிருக்கார்னு ஊகிக்கலாம். டேட்டா ஏற்கெனவே நேர வரிசைல இருக்கிறதாலதான் இது இவ்ளோ வேகமா முடியுது, ஒவ்வொரு தடவையும் பாதிப் பாதியா ஒதுக்கித் தேடினா கோடி வரிலயும் சுமார் 24 ஒப்பீட்டுல இடம் தெரிஞ்சிடும்.

2015ல ஃபேஸ்புக் வெளியிட்ட கொரில்லா முறை இடத்தைச் சுருக்கிறதுல பெரிய பாய்ச்சல். நேரத்தை முழுசா எழுதாம, இடைவெளி எவ்ளோ மாறிச்சுங்கிறதை மட்டும் எழுதும், மாறலைன்னா ஒரே ஒரு பிட். மதிப்பையும் சுருக்கும், நேரமும் மதிப்பும் சேந்து 16 பைட் எடுத்த ஒரு புள்ளி சராசரியா 1.37 பைட்டுக்கு வந்துச்சு. ஆனா அது சர்வர் கண்காணிப்பு டேட்டா, சீரா வரும், இடைவெளி தாறுமாறா இருக்கிற டிக்ல அதே அளவு சுருங்கும்னு எதிர்பாக்கக் கூடாது.

இப்ப பைத்தான் மொழியோட டேட்டா லைப்ரரியான பாண்டாஸ்லயே 2016லேந்து இந்த ஆஸ்-ஆஃப் ஜாயின் மெர்ஜ்_ஆஸ்ஆஃப்ங்கிற பேர்ல இருக்கு, இலவசம். பேக்டெஸ்ட், அதாவது ஒரு டிரேடிங் உத்தியைப் பழைய டேட்டால ஓட்டிப் பாக்கிறவங்க ஒண்ணு கவனிங்க, மெர்ஜ்_ஆஸ்ஆஃப் வழக்கமா அச்சா ஒரே நேரத்துல வந்த விலையையும் சேத்துக்கும். ஒரே நேர முத்திரைல டிரேடும் அதுக்கு அப்புறம் மாறின விலையும் இருந்தா, நடந்து முடிஞ்ச பிறகு வந்த தகவலை முன்னாடியே தெரிஞ்ச மாதிரி உங்க கணக்கு எடுத்துக்கும், லாபமும் பொய்யா ஏறிக் காட்டும். நேரம் எக்ஸ்சேஞ்ச் போட்டதா, உங்க சர்வருக்கு வந்து சேந்ததாங்கிறதையும் ரெண்டு தனி நெடுவரிசையா வச்சுக்கோங்க, முடிவெடுக்கிற கணக்குக்கு வந்து சேந்த நேரத்தைத்தான் எடுக்கணும்.